சீஸ் வழிக்கிறவன்

போன சனிக்கிழமை, மகளோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி எங்களை ராக்லெட் என்கிற உருக்கிய சீஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். சுவிஸில் லொசான் பட்டணத்துப் பிள்ளை. மேசை நடுவில் ஒரு மின்சார அடுப்பு. ஆளுக்கொரு குட்டித் தட்டு, கைபிடியோடு. கடையில் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கி விற்கிற சீஸை அந்தத் தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ள வேண்டியது, உருகியதும் இழுத்துக் கிழங்கின் மேல் கவிழ்க்க வேண்டியது. மிளகு போட்ட சீஸ், உள்ளிப்பூண்டு போட்ட சீஸ், மிளகாய் போட்ட சீஸ் என்று நாலைந்து விதம். ஒருத்தர் அன்னாசித் துண்டு கூட வைத்தார். ருசியாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது காரில் நான் பேசாமல் வந்ததைக் கவனித்துவிட்டு, "என்னப்பா, சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்றாள் மகள்.

"எல்லாரும் இருந்துகொண்டெல்லோ சாப்பிட்டம்" என்றேன். (எங்கள் ஊரில் இருப்பது என்றால் உட்கார்வது.)

அவளுக்கு விளங்கவில்லை. லொசானிலிருந்து மார்ட்டிஞி வர ஒரு மணி நேரம் கூட ஆகாது, அதற்குள் சொல்லி முடிகிற விசயமும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஆறுதலாக வாசிக்கட்டும்.

ராக்லே என்றால் பிரெஞ்சில் சுரண்டுவது, வழிப்பது. சுவிஸின் தென்மேற்கில், ரோன் ஆறு பிறந்து ஓடுகிற வலே மாநிலம்தான் ராக்லெட்டின் தாய்வீடு. அங்கே ராக்லெட் என்றால், ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள சீஸ் சக்கரத்தை இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகத்தை நெருப்புக்குக் காட்டி, அது இளகி வழியத் தொடங்குகிற நேரத்தில் கத்தியால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துக் கொடுப்பது. சாப்பிடுகிறவர்கள் பத்துப் பேர் என்றாலும் வழிக்கிறவர் ஒருத்தர். அவர்கள் இருப்பார்கள், இவர் நிற்பார். இவருக்கு ராக்லர் என்று பெயர். பதினொரு குளிர்காலம் அந்த வேலையை நான் பார்த்தேன்.

1990-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினேன், இருபத்திரண்டு வயது. அகதி விண்ணப்பம் போட்டவர்களை அரசாங்கம் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பும். எங்கள் ஆட்கள் சூரிச், பேர்ண், பாசல் என்று கூட்டமாக இருந்த காலத்தில் எனக்கு விழுந்த பங்கு வலே. முகாமில் என்னோடு படுத்த அண்ணை ஒருத்தர், "மலைக்குள்ள கொண்டுபோய்த் தள்ளிப்போட்டாங்கள் தம்பி, ஒரு கறித்தூள் வாங்கவும் ரயிலேற வேணும்" என்று நாள் முழுக்கப் புலம்புவார். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் திறந்த அதே கதவுதான் எனக்கும் திறந்தது, உணவகத்துப் பின்கதவு. பாஞ் பள்ளத்தாக்கில், லு ஷாப்ல் ஊருக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் பாத்திரம் கழுவும் வேலை.

முதல் நாளே இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தன, யாரும் சொல்லித் தராமலே. சமையலறையை அவர்கள் குய்சீன் என்றார்கள். எங்கள் வீட்டில் அது குசினி. அவர்கள் ரொட்டியைக் காட்டிப் பேன் என்றதும் நான் பாண் என்றேன், சரி என்று தலையாட்டினார்கள். போர்த்துக்கேயன் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போனது முந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து அல்ப்ஸ் மலையில் கைகொடுத்தது.

அந்தக் குசினியிலிருந்து வெளியே போகிற தட்டில் என்ன இருந்தது என்று பார்த்த நாள் இன்னும் ஞாபகம். தோலோடு அவித்த இரண்டு சின்ன உருளைக்கிழங்கு. வினாகிரியில் ஊறிய சின்னச் சின்ன வெங்காயம். அதே வினாகிரியில் ஊறிய, விரல் நீளம் கூட இல்லாத வெள்ளரிப்பிஞ்சு, கொர்னிஷோன் என்பார்கள். இவ்வளவுதான், மீதி சீஸ். என் ஐயா உரும்பிராய்ச் செம்மண்ணில் வருடம் முழுக்க மாறி மாறிப் போட்டது உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். எழுபதுகளில் அன்றைய பிரதமர் சிறிமாவோ அம்மையார் இறக்குமதியை நிறுத்தியபோது யாழ்ப்பாணத்துக் கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் வந்த விலையில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டோம். கடல் கடந்து, மலை ஏறி வந்து பார்த்தால் ஐயாவின் தோட்டம் தட்டில் இருக்கிறது. வெங்காயம் மட்டும் வெள்ளை.

இரண்டாவது குளிர்காலம், மாசி மாதம், வழக்கமாக வழிக்கிறவர் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கூடம் நிறையப் பனிச்சறுக்கு ஆட்கள். முதலாளியம்மா குசினிக்குள் வந்து ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "நீ வா" என்றார். ஏன் என்னை என்று பிறகு கேட்டேன். "நீ ஒருத்தன்தான் சட்டியைச் சுரண்டும்போது அவசரப்படுவதில்லை" என்றார். ஆக, பாத்திரம் கழுவியதற்குக் கிடைத்த பதவி உயர்வு.

பழைய முறைப்படி கல்லடுப்பில் லார்ச் மரக் கட்டை. குளிர்காலத்தில் இலை உதிர்க்கிற ஊசியிலை மரம் அது. தணல் நெடுநேரம் நிற்கும். சுவாலை ஆகாது, தணல்தான் வேண்டும். முதலில் சக்கரத்தின் தோலைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு பாதிச் சக்கரத்தைத் தணலுக்குக் கிட்ட வைத்து முகம் காட்டினால் கொஞ்ச நேரத்தில் அது வியர்க்கும், சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளாக. அப்போது தொடக்கூடாது. பிறகு முகம் முழுக்கத் தளர்ந்து பளபளக்கும். அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி எழும்பும், குமிழியின் தலை பொன்னிறமாகும். அந்த நேரம். சக்கரத்தைத் தட்டின் மேல் சரித்து, கத்தியின் முதுகால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. அழுத்தினால் உள்ளே உருகாத சீஸும் சேர்ந்து வந்துவிடும். கை தயங்கினால் பாதியில் அறுந்து கயிறாகத் தொங்கும். தோசைக்கல்லில் மாவை வட்டமிடுகிற கை இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் கைதான், ஆனால் திசை ஒன்றே ஒன்று.

தட்டு சூடாக இருக்க வேண்டும். வழித்த சீஸ் தட்டில் விழுந்ததிலிருந்து ஒரு நிமிடம்தான் அதற்கு உயிர். இது எனக்குத் தெரியாது. முதல் நாள் ஒரு மேசையில் மூன்று பேர். மூன்று தட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தால்தானே மரியாதை என்று, முதல் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தது வழித்தேன், அதற்கடுத்ததும் வழித்தேன். மூன்றையும் தூக்கும்போது முதலாவது இறப்பர் செருப்பாகிவிட்டது. முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தத் தட்டை என் கையில் கொடுத்து, நின்ற இடத்திலேயே சாப்பிட வைத்தார். அதன் பிறகு மறக்கவில்லை. ராக்லெட்டில் எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவது கிடையாது. தட்டு வந்தவர் உடனே சாப்பிட வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூத்தவர் கை வைக்கும் வரை காத்திருக்கப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். ஒரு தட்டு முடிந்ததும் வெறும் தட்டு என்னிடம் திரும்பி வரும், அடுத்த முறை வரும்வரை அவர் காத்திருப்பார். இதனால் பத்துப் பேர் சாப்பிட்டு முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் கதைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெளியே பனி கொட்டுகிறது, எங்கே போவது?

குடிப்பதற்கு ஃபான்டான் என்கிற உள்ளூர் வெள்ளைத் திராட்சை மது. வேண்டாதவர்களுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி. ராக்லெட்டோடு பச்சைத்தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குள் சீஸ் கட்டியாகிவிடும் என்று கிழவிகள் எச்சரிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மகளுக்கு நான் இன்றுவரை தேத்தண்ணிதான் ஊற்றுகிறேன்.

சக்கரத்தின் ஓரம், தோல் இருக்கிற பக்கம், நெருப்புப் பட்டுப் பட்டு முறுகிவிடும். அதை வெட்டி எடுத்தால் மொறுமொறுவென்று, கொஞ்சம் கசப்பும் உப்புமாக ஒரு துண்டு. அதற்கு ரெலிஜியூஸ் என்று பெயர், கன்னியாஸ்திரி என்று அர்த்தம். விசயம் தெரிந்தவர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். தெரியாதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாருக்குக் கொடுப்பது என்பது வழிக்கிறவன் கையில் இருக்கிறது. நிற்கிறவனுக்கு உலகத்தில் கிடைக்கிற ஒரே அதிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பால் காய்ச்சிய சட்டியின் அடியைச் சுரண்டித் தின்பதற்கு நானும் தங்கச்சியும் அடிபடுவோம். அதே ருசி, சத்தியமாக.

அந்த உணவகத்துக்கு ஞாயிறு தோறும் ஒரு கிழவர் வருவார். கோடையில் மலைமேல் மாடு மேய்த்துச் சீஸ் செய்கிறவர். நான் வழிப்பதைக் கண் எடுக்காமல் பார்ப்பார். பாராட்டவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். மூன்றாம் வருடம் ஒருநாள், "நீ வழிக்கிறது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?" என்றார். அந்த ஆடி மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு ஏறினேன்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, மரம் முடிந்து புல் மட்டும் இருக்கிற இடம். மாடுகள் எல்லாம் கறுப்பு, குட்டைக் கால், தடித்த கழுத்து. எரான்ஸ் இனம். வலேயில் சண்டை பிடிப்பது காளைகள் இல்லை, இந்தப் பசுக்கள். ஆனி மாதம் பல பட்டி மாடுகளை ஒன்றாக மலைக்கு ஏற்றிவிட்டதும் அவை ஒன்றோடொன்று கொம்பு கோத்துத் தள்ளி, யார் பெரியவள் என்று தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். வெல்கிறவள் ராணி. அவள் நடந்தால் மற்றவை பின்னால் நடக்கும். பால் அதிகம் கொடுக்கிறவளுக்கும் தனியாக ஒரு ராணிப் பட்டம் உண்டு. இறங்குகிற நாளில் இரண்டு ராணிகளுக்கும் அலங்காரம். கொம்பு ராணிக்குக் கிடைக்கிற கைதட்டல் பால் ராணிக்குக் கிடைப்பதில்லை என்பது என் கவனிப்பு.

விடிய முன் பால் கறந்து பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றினார்கள். காய்ச்சுவதில்லை, முப்பத்திரண்டு பாகை வரை வெதுவெதுப்பு மட்டும். உறைபொருள் கலந்து அரை மணி நேரம் விட்டால் கொப்பரை முழுக்க ஒரே கட்டி. அதை வெட்ட, சட்டத்தில் கம்பிகளை நெருக்கமாகக் கட்டிய ஒரு கருவி. மேல் வலேயில் ஜெர்மன் பேசுகிறவர்கள் அதைச் சீஸ் யாழ் என்று சொல்வார்களாம். யாழ்ப்பாணத்தான் கையில் யாழைக் கொடுத்து, "வெட்டு" என்றார் கிழவர். சோள மணி அளவுக்கு வரும்வரை வெட்டி, பிறகு கிளறிக்கொண்டே நாற்பதுக்கு மேல் சூடேற்றி, மோர் நிறத்துத் தண்ணீரை வடித்து, வட்ட அச்சில் போட்டு அழுத்த வேண்டும். அச்சின் ஓரத்தில் மலையின் பெயர் எழுத்தாகப் பதிந்திருக்கும், அது சக்கரத்தின் விளிம்பில் ஏறிவிடும். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது லீட்டர் பால். பிறகு உப்புத்தண்ணீர்க் குளியல், பிறகு நிலவறையில் மரப்பலகை மேல் படுக்கை. அடிக்கடி புரட்டி உப்புநீரால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பது மாதிரி. மூன்று மாதமாவது ஆனால்தான் நெருப்புக்கு வரலாம்.

இவ்வளவு பாடு ஏன் என்று மேலே நின்று பார்த்தால் விளங்கும். புல் இருப்பது நூறு நாள். அந்த நூறு நாளில் மாடு மேலே, ஆள் கீழே புல் வெட்டிக் காய வைக்கிறான். இத்தனை உயரத்திலிருந்து பாலைக் கழுதை முதுகில் இறக்கினால் ஊருக்கு வரும்போது திரிந்துவிடும். அதனால் புல்லைப் பாலாக்கி, பாலைக் கல்லாக்கி இறக்கினார்கள். குளிர்காலத்தில் மாடு தொழுவத்தில் அந்தக் காய்ந்த புல்லைத் தின்று பெயருக்குக் கறக்கும். ஊர்ப் பொது அடுப்பில் வருடத்துக்குச் சில தடவை மட்டும் சுட்ட, ரை என்கிற தானியத்து மாவு ரொட்டி, மாதக்கணக்கில் காய்ந்து கோடரியால் வெட்டுகிற பதத்தில் இருக்கும். அந்த ரொட்டியையும் அந்தக் கல்லையும் வைத்துக்கொண்டு நெருப்புப் பக்கத்தில் குளிர் காய்கிறவன் என்ன செய்வான்? லியோன் என்கிற திராட்சைத் தோட்டக்காரன் குளிர் நாள் ஒன்றில் தற்செயலாகச் சீஸைத் தணலுக்குக் கிட்ட வைத்துக் கண்டுபிடித்தான் என்று சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். குளிர்ந்துபோன சோற்றைச் சூடாக்க ஒரு ஆள் கண்டுபிடிக்க வேண்டுமா? 1574-லேயே வலேயில் சீஸை நெருப்பில் உருக்கிச் சாப்பிட்டதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. ஜெர்மன் பக்கத்தில் இன்றைக்கும் அதைப் பிராட்கேஸ், சுட்ட சீஸ், என்று சொல்கிற கிழவர்கள் உண்டு. 1909-ல் சியோன் நகரத்தில் நடந்த கண்காட்சியில் வெளியாட்களுக்கு வழித்துக் கொடுத்த பிறகுதான் மாடு மேய்க்கிறவனின் சாப்பாடு விருந்துச் சாப்பாடு ஆனது.

எனக்கு அன்று மலையில் மிகவும் பிடித்தது பங்குக் கணக்கு. மலை ஒருத்தருக்குச் சொந்தமில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கிற பொதுப் பங்கு. பால் எல்லாம் ஒரே கொப்பரைக்குள் போகிறது. அப்படியென்றால் எந்தச் சீஸ் யாருடையது? கோடைக்குள் குறிப்பிட்ட சில நாட்களில் ஒவ்வொருவர் மாட்டுப் பாலையும் தனித்தனியாக அளப்பார்கள். அந்த அளவை வைத்துப் புரட்டாதியில் இறங்கும்போது சக்கரங்களைப் பிரிப்பார்கள். எழுத்தறிவு குறைந்த காலத்தில் மரக்குச்சியில் குடும்பக் குறியை வெட்டி மேய்ச்சல் பங்கையும் வாய்க்கால் தண்ணீர் முறையையும் பதிந்து வைத்திருந்தார்களாம். வலே, மலைநாடாக இருந்தும் மழை குறைந்த இடம். பனியாற்றுத் தண்ணீரைப் பாறை ஓரமாக வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து மணிக்கணக்காகப் பங்கு வைப்பார்கள். நான் கிழவருக்கு எங்கள் பங்குக் கிணற்றைச் சொன்னேன். ஏழு குடும்பத்துக்கு ஒரு கிணறு, இன்னாருக்கு இன்ன நாள் முறை, முறை மாறி இறைத்தால் அரிவாள் வெட்டு. "இங்கேயும் தண்ணீருக்குத்தான் வெட்டு" என்றார். அவர் என்னோடு முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இன்னொன்றும் அவர்தான் சொல்லித் தந்தார். எல்லாச் சீஸும் உருகாது. வயது அதிகமான சக்கரத்தைத் தணலுக்குக் காட்டினால் எண்ணெய் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்து அழும். மிகவும் இளசு என்றால் நாராக இழுபடும். பால் புரதத்தைப் பிடித்துவைத்திருக்கிற சுண்ணாம்புச் சத்து, புளிப்பு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். எந்த அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறதோ அதைப் பொறுத்து வழியும். நம்முடைய பனீரை எடுத்துக்கொள்ளுங்கள், கொதிக்கிற பாலில் எலுமிச்சம்புளி விட்டுத் திரித்தது. அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கருகுமே தவிர உருகாது. கிழவர் இதையெல்லாம் வேதியியலாகச் சொல்லவில்லை. பெருவிரலால் சக்கரத்தை அழுத்திப் பார்த்து "இது தையில்", "இது மாசியில்" என்பார். வேதியியல் பிறகு நான் வாசித்தது.

உருகுகிற வயதைத் தாண்டிய சீஸுக்கும் வேறு வேலை இருந்தது. வலேயிலேயே இன்னொரு பள்ளத்தாக்கான அனிவியேயில், தன்னுடைய செத்தவீட்டுக்கென்று ஒரு சக்கரத்தைத் தானே எடுத்து நிலவறையில் ஒதுக்கி வைக்கிற வழக்கம் இருந்திருக்கிறது. புதைத்துவிட்டு வருகிறவர்களுக்கு ரொட்டியோடும் மதுவோடும் அதை வெட்டிக் கொடுப்பார்கள். நம் ஊரில் செத்தவீட்டுச் செலவுக்குச் சங்கிலி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிற கிழவிகள் ஞாபகம் வந்தார்கள்.

போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை 2002-ல் திறந்த பிறகுதான் அம்மாவைக் கூப்பிட முடிந்தது. அவர் வந்தது 2003 கோடை, ஐரோப்பாவே வெந்துபோன வருடம். "இதையோ குளிர் நாடு எண்டு எழுதினனி?" என்று விசிறிக்கொண்டே கேட்டார். வெக்கைக்குத் தப்ப அவரை மலைக்குக் கூட்டிப்போனேன். கிழவர் அப்போது தடி ஊன்றித்தான் நடந்தார், மகன் சீஸ் செய்தான். கொப்பரைக்குள் உறைந்த பாலைப் பார்த்ததும் அம்மா, "கடும்பெல்லே இது!" என்றார். (கன்று போட்ட மாட்டின் முதல் பால், இந்தியாவில் சீம்பால் என்பீர்கள்.) மத்தியானம் வெளியே தணல் மூட்டி நான் வழித்தேன். அம்மா இரண்டு தட்டுச் சாப்பிட்டார். மூன்றாவதுக்குத் தட்டை நீட்டும்போது, அப்போது ஆறு வயதான மகள், பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சந்தோசமாகச் சொன்னாள்: "அப்பம்மா, பால் உறையிறதுக்குக் கண்டுக்குட்டியின்ர வயித்துக்குள்ள இருந்து எடுத்துப் போடுறவை!"

எல்லாரும் அப்படியே நின்றோம். அம்மா மீன் சாப்பிடுவார், வியாழக்கிழமைதான் அன்று. ஆனால் மாடு? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கொப்பரையைத் திரும்பிப் பார்த்தார். "உந்தப் பெரிய கிடாரத்துக்கு எவ்வளவு விடுறவை?"

"ஒரு சின்னக் கிண்ணமும் நிறையாது, அம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "தீர்த்தம் அளவுதானே" என்று சொல்லித் தட்டை மறுபடி நீட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை கிழங்கும் உப்பும் மட்டும் சாப்பிட்டார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது தாவர உறைபொருளில் செய்த சீஸ் கடைகளில் கிடைக்கிறது. மலைச் சீஸில் பழையதுதான். 2007-லிருந்து 'வலே ராக்லெட்' என்ற பெயர் சட்டப்படி பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வலேயில் கறந்த, காய்ச்சாத பாலில், வலேயிலேயே செய்தால்தான் அந்தப் பெயர். வெறும் ராக்லெட் என்ற சொல்லுக்கு மட்டும் காவல் கிடைக்கவில்லை. அது சாப்பாட்டின் பெயர், யாரும் எந்த ஊரிலும் எழுதி ஒட்டலாம். லொசான் மேசையில் இருந்தது அந்த வகை. 2023 கடைசியில் யுனெஸ்கோ இந்த மலை மேய்ச்சல் பருவத்தையே மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிழவர் இருந்திருந்தால் அதற்கும் பாராட்டியிருக்க மாட்டார், குறையும் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். முதல் தடவை வாடகை வீடு எடுத்தபோது, எங்கள் கறி மணம் படிக்கட்டு வரை வருகிறது என்று மேல்மாடியிலிருந்து முறைப்பாடு எழுதினார்கள். மனுசி மூன்று மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கி நடுங்கிச் சமைத்தாள். மார்கழியில் அதே மேல்மாடியில் ராக்லெட். திரைச்சீலை, குளிர்ச்சட்டை, தலைமயிர் எல்லாம் மூன்று நாளைக்கு ஊறிய காலுறை மணக்கும் சாப்பாடு அது, விருப்பமாகச் சாப்பிடுகிறவன் நானே சொல்கிறேன். அந்த மூன்று நாளும் நாங்கள் ஒரு கடிதமும் எழுதவில்லை. அடுத்த வருடம் நானே மேலே போய் வழித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர்களும் எழுதவில்லை.

சரி மகள், விசயத்துக்கு வருகிறேன். குட்டித் தட்டு அடுப்பில் என்ன பிழை என்று நீ கேட்பாய். பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தன் தட்டைத் தானே பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். உன் சீஸ் உருகிவிட்டதா என்று உன் சிநேகிதி பார்க்கவில்லை, அவளுடையதை நீ பார்க்கவில்லை. எனக்கு யார் பசியாக இருக்கிறார்கள், யார் வயிறு நிறைந்தும் வெட்கத்தில் தட்டை நீட்டுகிறார்கள், யாருக்கு முறுகலாக வேண்டும், யார் இன்று கதைக்காமல் இருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்தது அந்தத் தணலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான். பிரெஞ்சு எனக்கு அரைகுறையாக இருந்த காலத்தில் அந்த ஊரை நான் தெரிந்துகொண்டது திரும்பி வந்த வெறும் தட்டுகளை வைத்துத்தான்.

வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை உன் சிநேகிதியையும் மற்றப் பிள்ளைகளையும் வரச்சொல். பாதிச் சக்கரம் எடுத்து வைத்திருக்கிறேன், விளிம்பில் பாஞ் என்று எழுத்து இருக்கிறது, பெருவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன். கிழங்கு நீ வாங்கி வா, சின்னதாகப் பொறுக்கி. முதல் பத்துத் தட்டு நான் வழிப்பேன், பிறகு கத்தி உன் கையில். அன்னாசி கொண்டுவர வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு.